ஈரக் கைக்கு ஒரு பாட்டுப்பெட்டி

எத்தனை ஜிபி வேணும்க்கா என்கிறான்
கீழக்கரை பஜாரில் நெய்னா.
எட்டா, பதினாறா, முப்பத்திரண்டா?
கண்ணாடிக்கடியில் வரிசையாய்க் கிடக்கின்றன
தீப்பெட்டி அளவில், சாவிக்கொத்து அளவில்,
ஒன்று மட்டும் வழவழவென்று
ஒரு பொத்தானும் இல்லாமல்.
தொட்டால் போதும்க்கா, பாடும்.

விரலை நீட்டிக் காட்டினேன்.
பத்திலும் துணி சுற்றிய தடம்,
பாறை அறுத்த கோட்டின் மேல் கோடு.
ரேசன் கடை மெசினே
மூன்று தரம் துடைத்துவிட்டு
அப்படி ஒரு ஆள் இல்லை என்கிறது.
உன் கண்ணாடிக்கு நான் எங்கே தெரியப் போகிறேன்?

பொத்தான் வேணும் தம்பி.
துணி சுற்றிய கட்டைவிரலால் அமுக்கினாலும்
டக்கென்று பதில் சொல்கிற பொத்தான்.
எது கூட்டும், எது குறைக்கும், எது நிறுத்தும்
என்று தடவியே தெரிய வேண்டும்.
கண்ணுக்குள் உப்பு இருக்கையில்
யாரால் எழுத்துப் படிக்க முடியும்?

போனிலேயே கேட்கலாமே என்கிறான்.
போன் கடலில் விழுந்தால்
அதோடு பேங்க் விழும், கேஸ் புக்கிங் விழும்,
மகனின் பள்ளிக்கூட வீட்டுப்பாடம் விழும்.
இது விழுந்தால்
பாட்டு மட்டும்தான் விழும்.

ஊறுகாய்ப் பாட்டிலுக்குள் நுழைய வேண்டும்.
மூடியைத் திருகிய பிறகும்
வள்ளத்தின் அணியம் வரைக்கும் கேட்க வேண்டும்.
காதில் சொருகுவது வேண்டாம்.
பூரணம் கத்தினால் கேட்க வேண்டும்,
காட்டிலாகா போட்டின் மோட்டார்
அவளுக்கு முன்னால் கேட்க வேண்டும்.

அமாவாசைக்கு ஆறு நாள், பௌர்ணமிக்கு ஆறு நாள்,
அவ்வளவுதான் எங்கள் கடல்.
மிச்ச நாளெல்லாம் ஆணியில் தொங்கும்.
தொங்குகிற நாளில்
தன் சார்ஜைத் தானே தின்கிற பெட்டி
எனக்கு வேண்டாம்.

அப்புறம், வரிசையைக் கலைத்துப் பாடுகிற வசதி.
அது கட்டாயம்.
போன பெட்டியில் பதிவு செய்கிற பொத்தான் ஒன்று
தெரியாமல் அமுங்கிவிட்டது,
தீவுக் கரையில் எங்களைப் பிடித்த அன்றைக்கு.
பத்து நாள் கழித்து
இரண்டு காதல் பாட்டுக்கு நடுவில்
திடீரென்று அதிகாரி குரல்:
பையைக் கொட்டு. பேர் சொல்லு. அப்பன் பேர் சொல்லு.
அதற்கு நம்புத்தாய் சொன்னது தெளிவாகக் கேட்டது:
பாசிக்கும் அப்பன் பேர் எழுதணுமா சார்?
ஒன்பது பேர் சிரித்த சிரிப்பில்
வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்தது.
அதற்குப் பிறகு யாரும்
காதல் பாட்டைக் கேட்கவில்லை,
அதையே திரும்பப் போடு என்றார்கள்.

கீழே போகும்போது அதை மேலே விட்டுவிடுவேன்.
கீழே அதற்கு வேலையில்லை.
கிளிமீன் பாறையைக் கறுக் கறுக்கென்று கடிக்கும்,
என் ரத்தம் என் காதை இடிக்கும்.
மரிக்கொழுந்துப் பாசி கைக்கு வரும்வரை
வேறு சத்தம் எதற்கு?

ஆனால் கணக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கும்.
பல்லவியில் மூழ்குவேன்.
கல்யாணத்துக்கு முந்தி
முதல் சரணம் முடியும்போதுதான் தலை தூக்குவேன்.
கண்ணாடியைக் கழற்றினால்
கடைசி அடி இழுத்துக்கொண்டிருக்கும்.
பிள்ளைக்குப் பிறகு சரணத்தின் பாதி.
இந்த வருசம்
நடுவில் வருகிற புல்லாங்குழலே முடியவில்லை,
நான் மேலே நிற்கிறேன்,
வாயைப் பிளந்துகொண்டு.

பழைய பெட்டி மெதுவாக ஓடுகிறதோ
என்றுகூட நினைத்தேன் தம்பி.
அதற்காகத்தான் மாற்ற வந்தேன்.

நெய்னா என் முகத்தைப் பார்க்கவில்லை.
பழையதையும் புதியதையும்
ஒரே பாட்டில் ஒன்றாய் ஓடவிட்டான்.
இரண்டு பெட்டியும்
ஒரே வாயால் பாடின,
அரை நொடிகூடப் பிசகாமல்.

சரி.
பொத்தான் இருக்கிறதைக் கொடு.
எட்டு ஜிபி போதும்.
நூறு ரூபாய் குறைத்துக்கொள்,
ஊறுகாய்ப் பாட்டில் என்னிடம் இருக்கிறது.